கடலில் பிறக்கும் கண்டங்கள்



இவ்வாண்டு நம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடைபெற்றது. பத்தாம் வகுப்பைச் சேர்ந்த நாங்கள் களிமண்ணும் வண்ணப் பொடியும் கொண்டு, பூமியின் உட்புற அமைப்பைக் காட்டும் உருண்டை ஒன்றைச் செய்து வைத்தோம். நடுவில் சிவப்பாகக் கருவம். அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் கவசம். எல்லாவற்றிற்கும் மேலே மெல்லிய மேலோடு. கடலுக்கு அடியில் உள்ள மேலோடு பசால்ட் என்னும் கரும்பாறை என்றும், கண்டங்களின் மேலோடு கிரானைட் முதலிய வெளிறிய பாறை என்றும் அட்டையில் எழுதி ஒட்டினோம். வந்தவர்களுக்கெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தோம். பாராட்டும் பெற்றோம்.

ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மட்டும் நகராமல் நின்றாள். “அக்கா, அடியில் இருக்கிற கல் உருகித்தான் மேலே வருகிறது என்று சொன்னீர்கள். ஒரே அடுப்பிலிருந்து வந்தால், கடலில் கறுப்புக் கல், தரையில் வெள்ளைக் கல் என்று இரண்டு விதமாக எப்படி வந்தது?” என்று கேட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பின்னால் கூட்டம் காத்திருந்தது. “ஆறினால் நிறம் வெளுத்துவிடும்” என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் தலையை ஆட்டினோம். அவளும் நம்பிப் போய்விட்டாள்.

அது உண்மையன்று. ஆறிய பசால்ட் கறுப்பாகவே இருக்கும். மாலையில் இதை அறிந்த எங்கள் புவியியல் ஆசிரியை சிஸ்டர், “தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு குழந்தைக்குத் தவறானதைக் கற்றுக் கொடுத்துவிட்டீர்களே. சரியான விடையைத் தேடி எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுங்கள்” என்றார்கள். அந்தத் தேடலில் நாங்கள் கண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

இரண்டு வகைத் தரை

பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு நீரால் மூடப்பட்டுள்ளது என்பதை நாம் அறிவோம். ஆனால் நீரை முழுவதும் வடித்துவிட்டுப் பார்த்தாலும் தரை ஒரே மட்டமாக இராது. ஒன்று தாழ்ந்த தரை, மற்றொன்று உயர்ந்த தரை என இரண்டு படிகள் தெரியும். தாழ்ந்த படி கடல் தரை. உயர்ந்த படி கண்டங்கள்.

கடல் தரையின் மேலோடு 6 அல்லது 7 கி.மீ. கனமே உடையது. கண்டங்களின் மேலோடு சராசரியாக 35 முதல் 40 கி.மீ. வரை கனமானது; திபெத்தின் அடியில் அது 70 கி.மீ. அளவுக்குத் தடித்திருக்கிறது. கனத்தில் மட்டுமன்று, எடையிலும் வேறுபாடு உண்டு. ஒரு கன சென்டிமீட்டர் நீர் 1 கிராம் எடையுள்ளது. அதே அளவு கிரானைட் சுமார் 2.7 கிராம், பசால்ட் சுமார் 3 கிராம், கவசத்தின் பாறை சுமார் 3.3 கிராம். எனவே கனமான கவசத்தின்மேல், நீரில் மரக்கட்டை மிதப்பதுபோல், கண்டங்கள் உயர்ந்து மிதக்கின்றன.

இந்த வேறுபாட்டிற்கு முக்கியக் காரணம் சிலிக்கா என்னும் பொருள். கடற்கரை மணலில் மினுமினுக்கும் படிகக்கல் முழுவதும் சிலிக்காவே. பசால்ட்டில் சிலிக்கா சுமார் 50 விழுக்காடு. கண்டங்களின் மேலோட்டை மேலிருந்து அடிவரை அரைத்துக் கலந்து சராசரி பார்த்தால் சுமார் 60 விழுக்காடு. இந்தப் 10 விழுக்காடு வேறுபாடுதான் நம்மைக் கடலுக்கு மேலே வைத்திருக்கிறது என்றால் மிகையாகாது.

வயதிலும் பெரிய வேறுபாடு உண்டு. இன்றைய பெருங்கடல்களின் தரையில் மிகப் பழைய பகுதிகளின் வயது ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளே. கண்டத்திலோ, கனடா நாட்டின் அகாஸ்டா என்னுமிடத்தில் 400 கோடி ஆண்டு வயதான பாறை கிடைத்துள்ளது. கடல் தரை முதிரும்போது குளிர்ந்து, கனம் கூடி, மீண்டும் பூமிக்குள் அமிழ்ந்துவிடுகிறது. கண்டமோ இலேசானது, எளிதில் அமிழாது. பிறந்தது பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது.

அப்படியானால், முதலில் அது பிறந்தது எப்படி? தங்கை கேட்ட கேள்வி இதுவே. கவசத்தின் பாறை உருகினால் வழக்கமாகக் கிடைப்பது பசால்ட் குழம்பு. அதிலிருந்து இந்த வெளிறிய, இலேசான பாறை எப்படி வந்தது? பெரிய அறிஞர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள் என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின.

தட்டுகள் சந்திக்கும் எல்லை

பூமியின் மேற்புறம் பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம், ஏறத்தாழ நம் விரல் நகம் வளரும் வேகத்தில், நகர்கின்றன. இரண்டு தட்டுகள் ஒன்றை நோக்கி ஒன்று வரும் இடம் குவியும் எல்லை எனப்படும். அங்கே கனமான கடல் தட்டு மற்றதன் அடியில் சரிந்து இறங்கும். இறங்கும் இடத்தில் கடல் தரையில் ஆழமான அகழி உண்டாகும். ஜப்பானிய அறிஞர் கியூ வடாத்தி 1928-இல், சில நிலநடுக்கங்கள் பூமிக்குள் நூற்றுக்கணக்கான கி.மீ. ஆழத்தில் நிகழ்கின்றன என்று நிறுவினார். அவை சரிவான ஒரு தளத்தில் அமைந்திருப்பதும் பின்னர் தெளிவாயிற்று. இறங்கும் தட்டின் தடமே அது என்று இன்று நாம் அறிவோம்.

அகழிக்கு இணையாக, சற்றுத் தள்ளி, எரிமலைகள் வரிசையாக நிற்கும். கண்டத்தின் ஓரமானால் அவை தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் போன்ற மலைத்தொடராகும். நடுக்கடலானால் வில்போல் வளைந்த தீவுத்தொடராகும். இவ்வெரிமலைகளில் மிகுதியாகக் காணப்படும் ஒரு பாறைக்கு ஆண்டிஸ் மலையின் பெயராலேயே ஆண்டிசைட் என்று பெயர். அதில் சிலிக்கா எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 60 விழுக்காடு! கண்டத்தின் சராசரியும் அதுவே. இந்த ஒற்றுமையைக் கொண்டு, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் டெய்லர் என்னும் அறிஞர், குவியும் எல்லைகளின் எரிமலைகளே கண்டங்களை வளர்க்கும் இடங்கள் என்று 1967-இல் எடுத்துரைத்தார். இவர் 1969-இல் சந்திரனிலிருந்து அப்போலோ 11 கொண்டுவந்த கல்லைப் பகுத்தாய்ந்தவர்களுள் ஒருவரும் ஆவார்.

அங்கே பாறை உருகுவது ஏன்? தட்டுகள் உராய்வதால் சூடேறி உருகுகிறது என்றே நாங்கள் முதலில் எண்ணினோம். அதுவும் தவறு. இறங்கும் தட்டு உண்மையில் குளிர்ந்தது. ஆனால் கடலுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்ததால் அதன் கனிமங்களுக்குள் நீர் பிணைந்திருக்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தை அடையும்போது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அந்நீர் பிழிந்து வெளியேற்றப்படுகிறது. அது மேலே உள்ள சூடான கவசத்தில் புகுகிறது. பனிக்கட்டியின்மேல் உப்பைத் தூவினால், அது குளிராக இருக்கும்போதே உருகத் தொடங்குவதை ஐஸ் விற்பவரின் பெட்டியில் பார்த்திருக்கிறோம். அதுபோல் நீர் சேர்ந்த கவசப் பாறை, நீரில்லாதபோது வேண்டிய வெப்பத்தைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குறைவான வெப்பத்திலேயே உருகத் தொடங்குகிறது. நீரில்லையேல் கிரானைட் இல்லை, கடல் இல்லையேல் கண்டமும் இல்லை என்னும் கருத்தை இயன் கேம்பலும் மேற்கூறிய டெய்லரும் 1983-இல் வலியுறுத்தினர். நிலம் கடலுக்குப் பகையென்று எண்ணியிருந்தோம். கடலே நிலத்தின் தாய் என்பதை இங்குக் கற்றோம்.

உப்பளம் கற்பிக்கும் பாடம்

உருகியது பசால்ட் குழம்பு என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஆண்டிசைட் வருவதற்கு ஒரு வழி உண்டு. அதனை விளக்க எங்கள் தூத்துக்குடி உப்பளங்களையே எடுத்துக்கொள்ளலாம்.

பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் வற்றும்போது அதிலுள்ள உப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். பிறகே நாம் உண்ணும் உப்பு பூக்கும். கடைசியில் மிஞ்சுவது கசப்பு நீர். ஒவ்வொன்றாகப் பிரியப் பிரிய, மிஞ்சிய நீரின் தன்மை மாறிக்கொண்டே போகிறது. பாறைக் குழம்பு ஆறும்போதும் இப்படியே நிகழ்கிறது. சிலிக்கா குறைந்த, கனமான கனிமங்கள் முதலில் படிகமாகி அடியில் தங்கும். மிஞ்சிய குழம்பில் சிலிக்காவின் பங்கு கூடும். இதனைச் சோதனைச் சாலையில் ஆராய்ந்து விளக்கிய நார்மன் போவன், தம் முடிவுகளை 1928-இல் நூலாக வெளியிட்டார்.

விடை கிடைத்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் சிஸ்டர், “கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். போட்டோம். 3 கிலோ பசால்ட்டில் சிலிக்கா 50 விழுக்காடு. அதிலிருந்து 60 விழுக்காடு சிலிக்கா உள்ள பாறை 1 கிலோ பிரிந்தால், மிச்சமுள்ள 2 கிலோவில் 45 விழுக்காடுதான் இருக்க முடியும். அதாவது 1 பங்கு கண்டத்துக்கு 2 பங்கு கனமான மண்டி அடியில் கிடக்க வேண்டும். உப்பு அள்ளிய பாத்தியில் ஜிப்சம் கிடக்கும் அல்லவா? ஆனால் கண்டங்களின் அடியில் அவ்வளவு மண்டியைக் காணவில்லை!

அந்த மண்டி மிகவும் கனமாகையால், மேலோட்டிலிருந்து கழன்று மீண்டும் கவசத்துக்குள் விழுந்துவிட்டது என்று அறிஞர் பலர் கூறுகின்றனர். வடக்குப் பாகிஸ்தானில் கோஹிஸ்தான் என்னும் பகுதி இதற்கு ஒரு சாட்சியாகக் கருதப்படுகிறது. அது பழங்காலத்தில் கடலில் இருந்த ஓர் எரிமலைத் தீவுத்தொடர். இந்தியாவும் ஆசியாவும் மோதியபோது இடையில் அகப்பட்டுச் சாய்ந்து நிற்பதால், அங்கே அடித்தளம் முதல் மேற்பரப்பு வரை உள்ள பாறைகளை நடந்தே காணலாம்.

புதிதாகப் பிறந்த தீவு

ஜப்பானிய அறிஞர் ஒருவர் வேறொரு வழியைச் சொன்னார். அதனைப் புரிந்துகொள்ள நாம் ஒரு சிறு தீவுக்குச் செல்ல வேண்டும்.

டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1,000 கி.மீ. தொலைவில், பசிபிக் பெருங்கடலில், நிஷினோஷிமா என்னும் தீவு உள்ளது. மேற்குத் தீவு என்பது அப்பெயரின் பொருள். அங்கே மக்கள் இல்லை, கடற்பறவைகளே குடிமக்கள். அங்கே கடலுக்கடியில் எரிமலை ஒன்று 1973-இல் வெடித்து, தீவுக்குப் புதிய நிலத்தைச் சேர்த்தது. பிறகு ஏறத்தாழ 40 ஆண்டுகள் உறங்கியது. 2013 நவம்பரில் பழைய தீவுக்கு அருகே கடல் கொந்தளித்து, புகை எழுந்து, புதிய தீவு ஒன்று தலைநீட்டியது. டிசம்பர் மாத இறுதிக்குள் அது பழைய தீவுடன் இணைந்துவிட்டது. தொடர்ந்து வழிந்த எரிமலைக் குழம்பு பழைய தீவைப் பெரும்பாலும் மூடியது. முன்பு சுமார் 0.3 சதுர கி.மீ. இருந்த தீவு, 2015-க்குள் 2.5 சதுர கி.மீ.க்கும் மேலாக வளர்ந்தது.

எரிமலை அமைதியுற்றபின், 2016 அக்டோபரில் ஆய்வாளர்கள் அத்தீவில் கால் வைத்தார்கள். புதிய மண்ணில் உயிர்கள் தாமாகவே குடியேறுவதைக் காண வேண்டுமென்பதால், வெளியிடத்து விதையோ பூச்சியோ தங்களுடன் வந்துவிடக் கூடாது என்று மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டார்கள். கடைசிச் சிறு தூரத்தைப் படகிலிருந்து இறங்கி நீந்தியே கடந்தார்கள். இதைப் படித்தபோது, கோவிலுக்குள் செல்லுமுன் காலணியைக் கழற்றுவது எங்கள் நினைவுக்கு வந்தது.

அத்தீவின் கல்லைப் பகுத்துப் பார்த்தால் சிலிக்கா ஏறத்தாழ 60 விழுக்காடு. அது ஆண்டிசைட்! நடுக்கடலில், கண்டங்களுக்கு வெகு தொலைவில், கண்டத்தின் சரக்கு வெளிவந்துகொண்டிருந்தது.

மெல்லிய ஓட்டின் அடியில்

ஜாம்ஸ்டெக் எனப்படும் ஜப்பானியக் கடல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யோஷிஹிகோ தமுரா என்னும் புவியியல் அறிஞர் இதனைக் கூர்ந்து நோக்கினார். நிஷினோஷிமா, இஸு–ஓகசவாரா என்னும் நீண்ட தீவுத்தொடரில் உள்ளது. அங்கே பசிபிக் தட்டு, பிலிப்பைன் கடல் தட்டின் அடியில் 5 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இறங்கி வருகிறது. தொடரின் வடபகுதியில் ஓஷிமா, மியாகேஜிமா முதலிய தீவுகள் உள்ளன. ஓஷிமா எரிமலை 1986-இல் சீறியபோது, அங்கு வாழ்ந்த சுமார் 10,000 மக்களையும் கப்பல்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். இந்த வடபகுதித் தீவுகள் உமிழ்வது பெரும்பாலும் பசால்ட். தென்பகுதியில் உள்ள நிஷினோஷிமா உமிழ்வதோ ஆண்டிசைட். ஒரே தொடர், ஒரே இறங்கும் தட்டு. விளைவு மட்டும் ஏன் வேறு?

கடல் தரையில் கருவிகளை வைத்து, அதிர்வலைகளைச் செலுத்தி, மேலோட்டின் கனத்தை அளந்திருந்தார்கள். வடபகுதியில் அது 30 கி.மீ.க்கும் மேல். தென்பகுதியில் சுமார் 20 கி.மீ. அளவே. பொதுவாக நாம் என்ன நினைப்போம்? தடித்த மேலோடு உள்ள இடத்தில்தான் கண்டத்தின் பாறை உருவாகும் என்போம். இங்கே தலைகீழாக இருந்தது! மெல்லிய ஓட்டின் மேல்தான் ஆண்டிசைட் வந்தது.

தமுராவும் அவருடைய துணைவர்களும் 2016-இல் வெளியிட்ட விளக்கம் இது. மேலோடு மெல்லியதானால், அதன் அடியில் உள்ள கவசம் மேற்பரப்புக்கு அருகில் இருக்கும். எனவே அங்கே அழுத்தம் குறைவு. சுமார் 35 கி.மீ. ஆழத்தில் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு, 20 கி.மீ. ஆழத்தில் அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல். பிரஷர் குக்கரில் வேகும் அரிசிக்கும் திறந்த பானையில் வேகும் அரிசிக்கும் வேறுபாடு உண்டு என்பதை நம் அன்னையர் அறிவார்கள். பாறைக்கும் அழுத்தம் அவ்வாறே.

கவசப் பாறையில் ஆலிவின், பைராக்சின் என்னும் இரண்டு கனிமங்கள் முக்கியமானவை. ஆலிவினில் சிலிக்கா சுமார் 40 விழுக்காடு. பைராக்சினில் 50-க்கும் மேல். நீர் சேர்ந்து, குறைந்த அழுத்தத்தில் உருகும்போது பைராக்சின் உருகிக் குழம்பாகிறது. சிலிக்கா குறைந்த ஆலிவின் பெரும்பாலும் திடமாகவே பின்தங்கிவிடுகிறது. அதனால் குழம்பில் சிலிக்கா கூடி, தொடக்கத்திலேயே ஆண்டிசைட் பிறக்கிறது. அழுத்தம் கூடினால் ஆலிவினும் கூடுதலாகக் கரைந்து பசால்ட் ஆகிறது. இகுவோ குஷிரோ என்னும் ஜப்பானிய அறிஞர் 1960-களின் இறுதியில் செய்த உயர் அழுத்தச் சோதனைகள் இக்கருத்துக்கு அடித்தளம். அப்போது செய்த சோதனை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து ஒரு தீவின் புதிருக்குத் திறவுகோல் ஆயிற்று.

இவ்வழியில், எங்கள் கணக்கை இடித்த மண்டிச் சிக்கல் பெருமளவு குறைந்துவிடுகிறது. பசால்ட்டிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை. கவசமே நேராக ஆண்டிசைட்டைத் தருகிறது. கண்டம் இல்லாத, ஓடு மெல்லிய கடலிலேதான் கண்டத்தின் முதல் விதை விழுகிறது என்பதே தமுராவின் கருத்தின் சாரம்.

கருத்தும் சோதனையும்

இதோடு கதை முடிந்துவிடவில்லை. நிஷினோஷிமா 2019 இறுதியிலும் 2020-இலும் மீண்டும் கடுமையாகச் சீறியது. 2020-இல் விழுந்த சாம்பலை ஆராய்ந்தபோது சிலிக்கா முன்பைவிடக் குறைந்து, பசால்ட்டை நோக்கிச் சென்றிருந்தது. ஒரே எரிமலையின் அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழம்புகள் உண்டாகிக் கலப்பதும் உண்டு என்பது இதனால் விளங்கிற்று. மண்டி கழன்று விழுகிறது என்போரும் தங்கள் கருத்தைக் கைவிடவில்லை. இரண்டு வழிகளும் வெவ்வேறு இடங்களில் நிகழ்ந்திருக்கலாம்.

ஒரு தேர்வில் ஒரு வினாவுக்கு ஒரே விடை என்று பழகிய எங்களுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு சிந்தித்தோம். தம் கருத்துக்கு ஒவ்வாத சாம்பலையும் எடுத்து அளந்து பார்ப்பதே ஆராய்ச்சி. நாங்களோ ஒரு குழந்தையின் கேள்விக்கு அஞ்சி விடையைப் புனைந்தோம்.

தீவு கண்டமாவது எப்படி?

சிறு சிறு தீவுகள் சேர்ந்து ஒரு கண்டமாகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். அதற்கும் இதே தீவுத்தொடர் சான்று தருகிறது. பிலிப்பைன் கடல் தட்டு வடக்கே நகர்வதால், இத்தொடரின் வட முனை ஜப்பானின் முதன்மைத் தீவாகிய ஹொன்ஷுவின்மீது மோதுகிறது. இன்று டோக்கியோவுக்குத் தென்மேற்கே உள்ள இஸு தீபகற்பம், முன்னாளில் தெற்கே கடலில் இருந்த எரிமலைப் பகுதி. சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அது வந்து மோதி ஒட்டிக்கொண்டது. அதற்கும் முன்னதாக மோதிய தன்சாவா மலைப்பகுதியில், தீவின் வயிற்றுக்குள் இருந்த வெளிறிய பாறைகள் உயர்ந்து வெளியே தெரிகின்றன. அவை கிரானைட்டின் நெருங்கிய உறவு. 1996-இல் வெளியான ஆய்வு ஒன்று, இத்தீவுத்தொடரின் நடு ஓட்டிலும் அதிர்வலைகள் விநாடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் செல்கின்றன என்று காட்டியது. கண்டங்களின் மேலோட்டிலும் அலைகள் ஏறத்தாழ அவ்வேகத்திலேயே செல்கின்றன. கடலுக்கடியில் கண்டத்தின் கரு வளர்ந்து வருகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

இலேசான பாறையாகையால் மோதும்போது அது அமிழ்வதில்லை; கரையோடு ஒட்டிக்கொள்கிறது. மீண்டும் அழுந்தி, மீண்டும் உருகி, கிரானைட்டாக மாறுகிறது. துளித்துளியாகச் சேர்ந்து பெருவெள்ளம் ஆவதுபோல், தீவு தீவாகச் சேர்ந்து கண்டம் ஆகிறது.

நம் காலடியிலும் அதே கதை

சென்னைக்கு அருகே புனித தோமையார் மலை உள்ளது. பறங்கிமலை என்றும் அழைப்பர். அம்மலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்தது என்று கண்டு, தாமஸ் ஹாலந்து என்னும் புவியியல் அறிஞர் 1893-இல் அப்பெயரைச் சூட்டினார். வட தமிழகத்தின் இத்தகைய பாறைகளில் பல சுமார் 250 கோடி ஆண்டு வயதுடையவை. இவையும் பண்டைய குவியும் எல்லைகளில் தோன்றி, மேலோட்டின் ஆழத்தில் வெந்து, பிறகு மேலே வந்தவை என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். நம் பாட்டி மசாலா அரைத்த அம்மிக்கல்லும், தேவாலயப் படிக்கட்டும், தெருவில் பரப்பிய சல்லியும் ஒரு காலத்தில் நிஷினோஷிமாவைப் போன்ற தீவுகளில் பிறந்தவற்றின் வழிவந்தவையாக இருக்கக்கூடும்.

முடிவுரை

கண்டமில்லையேல் ஆறில்லை, வண்டல் இல்லை, வயலில்லை. வெள்ளியும் செவ்வாயும் பெரும்பாலும் பசால்ட்டால் மூடப்பட்டவை. நம் பூமியைப்போல் பரந்த கண்டங்கள் அங்கே இருப்பதாக அறியப்படவில்லை. நீரும் நெருப்பும் பகையென்று சொல்வார்கள். அவை இரண்டும் பூமியின் ஆழத்தில் கூடி, நாம் நிற்க ஓர் இடம் செய்து கொடுத்துள்ளன. இறைவனின் படைப்பு இவ்வளவு பொறுமையோடு, கோடிக்கணக்கான ஆண்டுகளாக இன்றும் நடந்துகொண்டிருக்கிறது என்பதை எண்ணும்போது உள்ளம் நிறைகிறது.

சென்ற வாரம் இடைவேளையில் அந்த ஆறாம் வகுப்புத் தங்கையைத் தேடிப் போனோம். “அன்றைக்கு நாங்கள் சொன்னது தவறு. எங்களுக்குத் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டோம்” என்று சொல்லிவிட்டு, உப்பளத்தையும் குக்கரையும் நிஷினோஷிமாவையும் விளக்கினோம். மணலில் படமும் போட்டோம். அவள் முழுவதையும் கேட்டாள். மணி அடித்தது. எழுந்து ஓடப் போனவள் திரும்பி நின்று, “அக்கா, தண்ணீரால்தான் கண்டம் வந்தது என்றால் அந்தத் தண்ணீர் முதலில் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டாள்.

இம்முறை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. “எங்களுக்குத் தெரியாது. நீயும் வா, சேர்ந்து தேடுவோம்” என்றோம்.

அதன் விடையை அடுத்த ஆண்டு மலரில் அவளே எழுதட்டும்!

– பத்தாம் வகுப்பு மாணவி